300 கிராமா, 3 கிலோவா?

பேட்டரியும் மெமரி கார்டும் போட்ட சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 கேமராவின் எடை 302 கிராம். கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். அதே நிறுவனத்தின் ஏ7 மார்க் 4 மிரர்லெஸ் பாடி 658 கிராம். அதில் மாட்டும் 200-600 மி.மீ. லென்ஸ் 2,115 கிராம். வார், உதிரி பேட்டரி, பை, மழையுறை எல்லாம் சேர்ந்தால் தோளில் ஏறுவது 3 கிலோவுக்கு மேல். இரண்டையும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதைகளிலும் ஏரிக்கரைகளிலும் சுமந்து நடந்திருக்கிறேன். இவற்றுக்கு நடுவில் நிற்கும் சில கேமராக்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறேன்.

மலைக்குக் கிளம்பும் நண்பர்கள், "சின்ன கேமரா போதுமா, லென்ஸ் மாத்துற கேமராதான் வாங்கணுமா?" என்று கேட்கிறார்கள். கடையில் கேட்டால் சென்சார் அளவைச் சொல்வார்கள், யூடியூபில் மெகாபிக்சலைச் சொல்வார்கள். நான் பதிலுக்கு மூன்று கேள்வி கேட்பேன். எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள்? அது எவ்வளவு தூரத்தில் இருக்கும்? அப்போது வெளிச்சம் எப்படி இருக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் எவ்வளவு எடை தூக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். காரணம், கேமராவின் எடையைத் தீர்மானிப்பது லென்ஸைக் கழற்ற முடியுமா முடியாதா என்பதல்ல. லென்ஸின் ஒளித்துளை எவ்வளவு அகலம் என்பதுதான்.

கணக்கு எளிது. லென்ஸின் உண்மையான ஃபோகல் லெங்த்தை எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைக்கும். ஆர்எக்ஸ்100 மார்க் 7-இன் பெட்டியில் 24-200 என்று போட்டிருப்பது ஃபுல்ஃபிரேம் கணக்குக்கு மாற்றிய எண். முழுக்க ஜூம் செய்த நிலையில் அதன் உண்மையான அளவு 72 மி.மீ., எஃப் 4.5. வகுத்தால் துளை 16 மி.மீ. 200-600 லென்ஸின் கடைசியில் 600 மி.மீ., எஃப் 6.3. துளை 95 மி.மீ. ஒரே கிளையில் உட்கார்ந்திருக்கும் ஒரே பறவையை, ஒரே இடத்தில் நின்று, ஒரே ஷட்டர் வேகத்தில் எடுத்தால், அந்தப் பறவையிலிருந்து பெரிய லென்ஸுக்குள் வரும் ஒளி சின்னதைவிட 35 மடங்கு. மழைக்கு முற்றத்தில் வைத்த பாத்திரம்போலத்தான். வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு தண்ணீர்.

அகலம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கு மடங்கு. ஆனால் கண்ணாடியை அதே வடிவத்தில் பெரிதாக்கினால் அதன் எடை எட்டு மடங்கு. 150 மி.மீ. துளை கொண்ட 600 மி.மீ. எஃப் 4 லென்ஸ்களை இப்போது எவ்வளவோ இளைக்க வைத்துவிட்டார்கள். அப்படியும் அவை 3 கிலோவைத் தாண்டுகின்றன. அதனால் "இவ்வளவு சின்னதாக இருந்தும் பெரிய கேமராவுக்கு நிகர்" என்று எந்த விளம்பரம் சொன்னாலும் முதலில் வகுத்துப் பாருங்கள்.

தூரத்துப் பறவைக்குத்தான் இந்தக் கணக்கு இவ்வளவு கறாராகப் பொருந்தும். மலைக்காட்சிக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. மலைக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எடுப்பது மலைக்காட்சிகளைத்தான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் நிற்கிறீர்கள். இரண்டடி தள்ளி ஒரு பூச்செடி, எதிரே அடுக்கடுக்காக மலைகள். செடியும் மலையும் ஒருசேரத் துல்லியமாக விழ வேண்டும். ஒரு அங்குல சென்சார் கொண்ட சின்ன கேமராவில் அகலக் கோணத்தில் எஃப் 4 வைத்து, இரண்டு மீட்டரில் ஃபோகஸ் செய்தால், ஏறக்குறைய ஒரு மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் தெளிவாக வரும்; செடியிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டால் போதும். ஃபுல்ஃபிரேம் கேமராவில் அதே 24 மி.மீ. கோணத்தில் அதே ஆழத்துக்கு எஃப் 11 வைக்க வேண்டும். எஃப் 4-இலிருந்து எஃப் 11-க்குப் போனால் ஒளி எட்டில் ஒரு பங்காகிவிடும். கையில் பிடித்து அதே ஷட்டர் வேகத்தில் எடுக்க வேண்டுமானால் ஐஎஸ்ஓ 100 என்பது 800 ஆகும். ஃபுல்ஃபிரேம் சென்சாரின் பரப்பு ஒரு அங்குல சென்சாரைப்போல ஏழரை மடங்கு. அந்த ஆதாயம் முழுவதையும் எஃப் 11 தின்றுவிடுகிறது. பகல் வெளிச்சத்தில் கையில் பிடித்து எடுத்த மலைக்காட்சிகளில், இரண்டு அடி அகலத்துக்குப் பிரிண்ட் போட்டுப் பக்கத்தில் வைத்தாலும், எது எந்தக் கேமரா என்று சொல்ல நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: பெரிய கேமராவில் பழகியவர்கள் சின்னதையும் எஃப் 8, எஃப் 11-க்குக் கொண்டுபோவார்கள். வேண்டாம். துளை மிகவும் சிறுத்தால் ஒளி விளிம்பில் வளைந்து படம் மசங்கிவிடும். ஒரு அங்குல சென்சாரில் எஃப் 4-ஐ ஒட்டியே இருப்பது நல்லது.

ட்ரைபாட் வைத்த நிமிடத்தில் தராசு மறுபக்கம் சாய்கிறது. சூரியன் எழும் முன் மலைச்சரிவு கறுத்துக் கிடக்க, வானம் மட்டும் வெளுத்திருக்கும் நேரம். ஐஎஸ்ஓ 100-இலேயே எத்தனை விநாடி வேண்டுமானாலும் ஷட்டரைத் திறந்து வைக்கலாம் என்றால், பெரிய சென்சார் தன் பரப்புக்கு ஏற்ற ஒளியை முழுதாக வாங்கிக்கொள்ளும். பிறகு கணினியில் கறுத்த சரிவை வெளுக்க வைத்தால் உள்ளே தேயிலைச் செடி தேயிலைச் செடியாகவே தெரியும். சின்ன கேமராவில் புள்ளிப் புள்ளியாக நாய்ஸ் எழும்பும். மூன்று எக்ஸ்போஷர்களைச் சேர்த்துத்தான் சரிக்கட்ட வேண்டும். நட்சத்திரங்களுக்கு அந்த வழியும் இல்லை. 24 மி.மீ. எஃப் 1.4 லென்ஸின் துளை 17 மி.மீ.; ஆர்எக்ஸ்100-இன் அகலக் கோணத்தில் 3 மி.மீ. சொச்சம். ஒளியில் 28 மடங்கு வித்தியாசம். சோனியின் அந்த 24 மி.மீ. லென்ஸ் 445 கிராம்தான். பால்வெளியைப் படம் எடுக்கும் ஆசை உள்ளவர்கள் ஒரு மிரர்லெஸ் பாடியும் இப்படி ஒரு லென்ஸும் எடுத்துக்கொண்டால் ஒரு கிலோ சொச்சத்தில் வேலை முடியும். 200-600-ஐ வீட்டிலேயே விட்டுவிடலாம்.

வெளியில் படம் எடுக்கிறவர்கள் விவரப் பட்டியலில் பார்க்காமல் தாண்டிப்போகும் ஒன்று வியூஃபைண்டர். பங்குனி வெயிலில் பதினொரு மணிக்கு எந்தக் கேமராவின் பின்திரையிலும் ஒழுங்காக ஒன்றும் தெரியாது. உங்கள் முகம்தான் தெரியும். ஆர்எக்ஸ்100 மார்க் 7-இல் ஓரத்திலிருந்து எழும்பும் ஒரு குட்டி வியூஃபைண்டர் உண்டு. கண்ணாடி போட்டவர்களுக்குக் கொஞ்சம் நெருக்கடிதான். ஆனாலும் அது இருப்பதற்கும் இல்லாததற்கும் பெரிய வித்தியாசம். கண்ணோடு ஒட்டிப் பிடித்தால் கேமரா ஆடுவதும் குறையும். வெளிப்புறப் படங்களுக்கென்று வாங்குகிறவர்கள் வியூஃபைண்டர் இல்லாத சின்ன கேமராவை, ஒரு குறிப்பிட்ட காரணம் இல்லாவிட்டால், வாங்க வேண்டாம்.

அந்தக் குறிப்பிட்ட காரணம் மழை. அதற்கு வரும் முன் வால்பாறை.

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவை ஒட்டிய பாறைகளில் வரையாடுகள் மேய்வதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஊருக்குப் பக்கத்தில் புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகள் சாலையோரம் வரை இறங்கி வரும். இந்த இரண்டு இடங்களிலும் 600 மி.மீ. லென்ஸ் உண்மையில் இடைஞ்சல். ஆட்டின் முகம் மட்டும் வரும். அது நிற்கும் பாறையும் பின்னால் விழும் பள்ளத்தாக்கும் வராது. வரையாடு என்றால் அந்தச் செங்குத்துப் பாறையும் சேர்ந்ததுதானே? 200 மி.மீ. வரை போகும் சின்ன கேமரா இங்கே தாராளம். அதன் எலெக்ட்ரானிக் ஷட்டர் துளிச் சத்தம் போடாது. ஒரு விநாடிக்கு 20 படம் எடுத்தாலும் குரங்கு திரும்பிப் பார்க்காது. விலங்கின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் ஃபோகஸும் உண்டு. சென்சாரில் பதிந்ததை மிக வேகமாகப் படித்து முடிப்பதால், ஓடும் கால்கள் சாய்ந்து கோணலாகப் பதியும் தொல்லையும் பெரும்பாலும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் இந்த 300 கிராம் கேமரா பல பெரிய மிரர்லெஸ் பாடிகளை மிஞ்சுகிறது. ஏ7 மார்க் 4-இலும் கேனான் ஆர்7-இலும் சத்தமில்லா ஷட்டரைப் போட்டால் சிறகடிக்கும் பறவையின் இறக்கை வளைந்து விழ வாய்ப்பு அதிகம். அசையும் உயிர்களுக்கு மெக்கானிக்கல் ஷட்டர்தான் பாதுகாப்பு.

கைபேசி போதாதா என்று கேட்பவர்களுக்கும் இதே இடம்தான் பதில். அகலக் காட்சிகளுக்கு இன்றைய நல்ல கைபேசி போதும், மறுப்பில்லை. ஆனால் அதன் டெலி லென்ஸின் துளை சில மில்லிமீட்டர்தான். எதிர்ப்பாறையில் நிற்கும் வரையாட்டின் ரோமத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ரோமம் இருக்க வேண்டிய இடத்தில் மென்பொருள் தீட்டிய பூச்சு இருக்கும்.

இப்போது மழை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் ஆனைமலையில் அட்டைகளும் தவளைகளும் ஒன்றாகக் கிளம்பிவிடும். இரவில் டார்ச் அடித்தால் இலைக்கு இலை ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கும். அந்த மழையில் ஆர்எக்ஸ்100-ஐ வெளியே எடுக்கக் கூடாது. அதற்கு எந்த நீர்க்காப்பும் கிடையாது. அங்கே நான் எடுத்துப் போவது ஓஎம் சிஸ்டத்தின் டிஜி-7. ஒலிம்பஸின் கேமராத் தொழில் 2021-இல் கைமாறிய பிறகு 2023-இல் வந்த மாடல். எடை 249 கிராம். 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீருக்குள் கொண்டுபோகலாம். 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் வகையில் செய்திருக்கிறார்கள். சேறு பட்டால் ஓடையில் கழுவிக்கொள்ளலாம்.

அதன் சென்சார் கைபேசி அளவுதான், 12 மெகாபிக்சல். வியூஃபைண்டர் இல்லை. ஆனால் மைக்ரோஸ்கோப் மோடில் லென்ஸின் முன்முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் ஃபோகஸ் ஆகும். ஈர மரப்பட்டையில் முளைத்த, கடுகளவு குடை கொண்ட ஒரு காளானை அதில் எடுத்தேன். குடையின் அடியில் உள்ள மடிப்புகள் தனித்தனியாக வந்தன. ஒரு மடிப்பில் தொங்கிய நீர்த்துளிக்குள் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. இவ்வளவு நெருக்கத்தில் கூர்மையாக இருக்கும் ஆழம் நூலளவுதான் என்பதால், ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக அடுக்கித் தரும் வசதியும் கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. லென்ஸைச் சுற்றி மாட்டும் ஒரு சிறிய ஒளிவளையம் தனியாகக் கிடைக்கிறது. கேமராவின் எல்இடி விளக்கை அது வட்டமாகப் பரப்பும். அதை வாங்காமல் இந்தக் கேமராவை வாங்க வேண்டாம். ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் கேமராவே நிழலாக விழுந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். தவளைகளுக்கு மட்டும் இந்த நெருக்கம் வேண்டாம். ஓரடி தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். இலையை அசைப்பது, தவளையைக் கையால் நகர்த்திப் 'போஸ்' கொடுக்க வைப்பது எல்லாம் எந்தப் படத்துக்காகவும் செய்யக் கூடாத காரியங்கள்.

தேர்வு உண்மையில் கடினமாகும் இடம் நடுத்தர எடை. பறவைகள் வேண்டும், ஆனால் 3 கிலோ முடியாது என்கிறவர்களுக்குக் கடைகளில் கேட்கும் முதல் பேச்சு, "லென்ஸ் மாத்துற கேமராவுக்குப் போயிடுங்க" என்பது. கேனான் ஆர்7 612 கிராம், ஆர்எஃப் 100-400 லென்ஸ் 635 கிராம், கூட்டினால் 1,247. இன்னொரு பக்கம் லென்ஸ் கழற்ற முடியாத பிரிட்ஜ் கேமரா, சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4. 1,095 கிராம், 24-லிருந்து 600 வரை ஒரே லென்ஸ். முதலாவதில் பெரிய ஏபிஎஸ்-சி சென்சார், இரண்டாவதில் ஒரு அங்குலம். அப்படியானால் முதலாவதுதானே வெளிச்சத்தை அதிகம் வாங்க வேண்டும்?

வகுத்துப் பாருங்கள். 400 மி.மீ., எஃப் 8: துளை 50 மி.மீ. ஆர்எக்ஸ்10-இன் உண்மையான ஃபோகல் லெங்த் 220 மி.மீ., எஃப் 4: துளை 55 மி.மீ. லென்ஸ் கழற்ற முடியாத கேமராதான் அதே பறவையிலிருந்து சற்று அதிக ஒளியை வாங்குகிறது. பெரிய சென்சாருக்குக் கொடுத்த பணத்தை எஃப் 8 திரும்ப வாங்கிக்கொண்டுவிடுகிறது. நம்மூர்ப் பறவை ஆர்வலர்கள் பலர் வைத்திருக்கும் நிக்கான் பி950-க்கும் 357 மி.மீ., எஃப் 6.5, துளை அதே 55 தான். அந்தக் குட்டி சென்சாரில் நல்ல வெயிலில் எடுத்த படங்கள் நன்றாக இருப்பதற்கு ஒரு காரணம் இது.

ஆர்7-ஐயும் ஆர்எக்ஸ்10-ஐயும் களத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசங்கள் வேறு இடங்களில் இருக்கின்றன. ஆர்7 பறவையின் கண்ணைத் தேடிப் பிடித்துக்கொண்டே தொடரும். 2017-இல் வந்த ஆர்எக்ஸ்10 மார்க் 4-க்குப் பறவைக் கண் என்று ஒன்று இருப்பது தெரியாது. இலைகளுக்கு நடுவே உட்கார்ந்த பறவைக்கு நடுப்புள்ளியை நீங்களேதான் வைக்க வேண்டும். ஆர்7-இன் 32.5 மெகாபிக்சலில் தூரத்துப் பறவையின் மேல் அதிகப் பிக்சல்கள் விழும். வெட்டிப் பெரிதாக்க இடம் இருக்கும். ஜூம் வளையத்தைக் கையால் ஒரு திருப்புத் திருப்பினால் 100 நானூறாகிவிடும். ஆர்எக்ஸ்10-இல் மோட்டார் நகர்த்தும்வரை காத்திருக்க வேண்டும். பாய்ந்து போகும் மீன்கொத்தி காத்திருக்காது.

ஆர்எக்ஸ்10-இன் பலம் மலைப் பாதையில் தெரியும். கண்ணெதிரே பள்ளத்தாக்கு, 24-இல் எடுக்கிறீர்கள். மேலே கழுகு சுற்றுகிறது; 600-க்குப் போகிறீர்கள். காலடியில் வண்ணத்துப்பூச்சி, 600-இலேயே 72 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம். லென்ஸ் மாற்றும் வேலையே இல்லை, தூசு உள்ளே போகும் பயமும் இல்லை. தூறலையும் ஓரளவு தாங்கும். ஆர்7 பாடிக்குத் தூசு, தூறல் காப்பு உண்டு. ஆனால் ஆர்எஃப் 100-400 லென்ஸுக்கு இல்லை. இரண்டையும் மாட்டினால் காப்பு பலவீனமான பக்கத்தின் அளவுக்குத்தான். அந்த லென்ஸும் வண்ணத்துப்பூச்சிக்கு அருமையானது, ஒரு மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகும். ஆனால் அதை மாட்டியிருக்கும்போது பள்ளத்தாக்கை எடுக்க முடியாது. அதற்கு இன்னொரு லென்ஸ், இன்னும் கொஞ்சம் எடை.

பறவைகளோடு மலையும் பூச்சியும் மனிதர்களும் எல்லாமே வேண்டும், இதற்குமேல் கருவிகள் வாங்கப்போவதில்லை என்கிறவருக்கு நான் பிரிட்ஜ் கேமராவைத்தான் சொல்வேன். பறவைகளில் உண்மையான பித்து இருக்கிறது, இன்னும் சில வருடங்களில் பெரிய லென்ஸுக்குப் போவீர்கள் என்றால் ஆர்7. ஏனென்றால் அந்த பாடியில் பிறகு 100-500 லென்ஸை மாட்டினால் துளை 50-லிருந்து 70 ஆகும். 200-800-ஐ மாட்டினால் 89 ஆகும். லென்ஸ் மாற்றும் கேமராவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இந்த வளர்ச்சிக்குத்தான். முதல் லென்ஸோடு நின்றுவிடப் போகிறவருக்கு அந்தப் பணம் வீண்.

முழு 3 கிலோவும் தன் கூலியைத் திருப்பித் தரும் இடங்கள் எவை? கோத்தகிரி லாங்வுட் சோலையில் காலை ஏழு மணி. வெளியே நல்ல வெளிச்சம், சோலைக்குள் இன்னும் இருட்டு. கறுப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் தரையை ஒட்டிய புதரில் ஒரு கிளைவிட்டு ஒரு கிளை தாவிக்கொண்டிருக்கும். மிகச் சிறிய பறவை. ஷட்டரை 250-இல் ஒரு பங்கு விநாடிக்குக் கீழே கொண்டுபோனால் படம் கலங்கிவிடும். இங்கே 95 மி.மீ. துளைக்கும் 55 மி.மீ. துளைக்கும் இடையே மூன்று மடங்கு ஒளி வித்தியாசம். ஒன்றில் பறவையின் மார்பில் இறகு தெரியும். மற்றதில் ஆரஞ்சு நிறம் மட்டும் தெரியும். அதிகாலை வேடந்தாங்கலும் அப்படித்தான். கரையில் நின்றுதான் பார்க்க முடியும். மரங்கள் ஏரிக்கு நடுவே. கூட்டுக்குக் குச்சி கொண்டுவந்து இறங்கும் மஞ்சள் மூக்கு நாரையின் இறக்கை விரியும் கணத்துக்கு 2,000-இல் ஒரு பங்கு விநாடி வேண்டும். அதே வேடந்தாங்கலில் பதினொரு மணிக்கு மேல் கானல் எழும்பிவிட்டால் எந்த லென்ஸும் ஒன்றுதான். காற்றே நெளியும்போது கண்ணாடி என்ன செய்யும்? கனத்த லென்ஸைத் தூக்குகிறவர் விடியற்காலையில் எழுந்திருக்கவும் தயாராக இருக்க வேண்டும்.

கனத்த கருவியைச் சொல்லும்போது மா. கிருஷ்ணனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கறுப்பு-வெள்ளையில் நம் காட்டு யானைகளை அவர்போல எடுத்தவர் இல்லை. பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கருவியைப் பூட்டி, அதற்கு 'சூப்பர் பான்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். அவருக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

சின்ன சென்சார்க்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2023 ஏப்ரலில் லைட்ரூமில் செயற்கை நுண்ணறிவு வழியாக நாய்ஸ் நீக்கும் வசதி வந்தது. டிஎக்ஸ்ஓ போன்றவர்கள் அதற்கு முன்பிருந்தே தருகிறார்கள். ரா ஃபைலாக எடுத்தால், முன்பு ஐஎஸ்ஓ 1600-க்கு மேல் நான் போகத் தயங்கிய ஒரு அங்குல சென்சாரில் இப்போது 3200-லும் எடுக்கிறேன். பெரிய கேமராவின் படங்களுக்கும் அதே மென்பொருள் உதவும் என்பதால் இடைவெளி மறைந்துவிடவில்லை. ஆனால் ஒரு பத்திரிகைப் பக்கத்துக்குப் 'போதும்' என்கிற கோட்டைச் சின்ன கேமரா தாண்டிவிட்டது.

எடையைத் தராசில் பார்ப்பது வேறு, பாதையில் பார்ப்பது வேறு. வெள்ளியங்கிரி ஏறுகிறவர்களின் ஒரு கையில் மூங்கில் கம்பு இருக்கும். மிச்சம் ஒரு கைதான். ஒரு கையால் எடுத்து, ஒரு கையால் ஆன் செய்து, ஒரு கையால் சுட முடிகிற கேமராதான் அங்கே வேலை செய்யும். தமிழக அரசு 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் வழிகாட்டியோடு குழுவாக நடக்க வேண்டும். நீங்கள் பையை இறக்கி, ஜிப்பைத் திறந்து, லென்ஸை மாட்டும்வரை பதினைந்து பேர் நின்றுகொண்டிருக்க மாட்டார்கள். கனமான கேமராதான் வேண்டும் என்றால் கழுத்தில் தொங்கவிடாதீர்கள். ஏற்றத்தில் குனியும்போதெல்லாம் அது முன்னால் ஆடிப் பாறையில் இடிக்கும். பைவாரில் பூட்டும் கிளிப், அல்லது குறுக்கே போட்டு இடுப்போடு ஒட்டி நிற்கும் வார் நல்லது. கேமரா பைக்குள் போய்விட்டால் அன்றைக்கு நீங்கள் எடுக்கும் படங்கள் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். இதைப் பலரிடம் பார்த்துவிட்டேன்.

பராமரிப்பில் இரண்டு வகைக்கும் ஒவ்வொரு எதிரி. ஆன் செய்ததும் நீண்டு வெளியே வரும் லென்ஸ் கொண்ட சின்ன கேமராக்கள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காற்றை உள்ளே இழுக்கின்றன, காற்றோடு தூசையும். சென்சாரில் ஒரு தூசு ஒட்டிவிட்டால் வீட்டில் ஊதித் தள்ள முடியாது. முழுவதும் பிரித்தாக வேண்டும். கால்சட்டைப் பையில் போடுகிறவர்கள் ஜிப் வைத்த சிறிய உறைக்குள் வைத்துப் போடுங்கள். லென்ஸ் மாற்றும் கேமராவுக்கு எதிரி பூஞ்சை. சென்னைக் கடற்கரைப் பக்கத்து வீடுகளிலும் மலையூர்களிலும் அலமாரியில் பூட்டி வைத்த லென்ஸில் ஒரே மழைக்காலத்தில் வலைபோலப் படர்ந்துவிடும். மூன்று லென்ஸ் இருந்தால் டிரை கேபினெட் ஆடம்பரமில்லை. முடியாவிட்டால் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரம் காட்டும் சின்ன மீட்டரையும் உள்ளே வையுங்கள்.

உலகம் முழுவதும் 2010-இல் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் கடைகளுக்குப் போயின. பெரும்பகுதி சின்ன கேமராக்கள். 2023-இல் மொத்தமே சுமார் 77 லட்சம், அதில் சின்னவை 17 லட்சம் அளவில். மலிவான சின்ன கேமரா என்ற வகையைக் கைபேசி விழுங்கிவிட்டது. மிஞ்சியிருப்பவை கைபேசியால் முடியாததைச் செய்பவை, அதற்கேற்ற விலையில். நான் இங்கே சொன்ன சில மாடல்கள் புதிதாகக் கிடைப்பதே அரிது. பழையதாகத்தான் தேட வேண்டியிருக்கும். பழையது வாங்கும்போது வெள்ளைச் சுவரை எஃப் 11-இல் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். தூசு கரும்புள்ளியாகத் தெரியும். ஜூமை முழுவதும் நீட்டி, லென்ஸுக்குள் டார்ச்சைச் சாய்வாக அடித்து உற்றுப் பாருங்கள். பூஞ்சை இருந்தால் மறைக்க முடியாது.

பெரிய லென்ஸ் வாங்க முடிவு செய்தவர்கள் பணம் கொடுக்கும் முன் ஒரு வார இறுதிக்கு அதை வாடகைக்கு எடுங்கள். சென்னை, கோவை போன்ற ஊர்களில் கிடைக்கும். வீட்டு மாடியில் நின்று காக்கையை எடுத்துப் பார்ப்பதற்கில்லை. நீங்கள் அடிக்கடி போகும் பாதையிலேயே, தண்ணீர் பாட்டிலும் சாப்பாடும் சேர்த்து, முழு நேரமும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். வீடு திரும்பிப் படங்களைக் கணினியில் போட்டதும், ஒவ்வொரு படமும் எத்தனை மணிக்கு எடுத்தது என்று பாருங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் குவிந்து பிறகு ஒன்றிரண்டாகக் குறைந்திருந்தால் ஆர்எக்ஸ்10 வகையைத் தேடுங்கள். கடைசி ஏற்றம் வரை படங்கள் சீராக வந்திருந்தால் தயங்காமல் அந்த லென்ஸை வாங்குங்கள்.